கத்தரிக்கோலும் காலண்டர் கட்டமும்

துணி வெட்டும் கத்தரிக்கோலில் கட்டைவிரலுக்கான வளையம் சின்னது. பதினேழு வருடமாக அதற்குள் நினைக்காமலே போய்வந்த என் வலது கட்டைவிரல், 2014 மார்கழியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைய மறுத்தது. மற்ற நான்கு விரல்களும் மடங்கவில்லை. வெட்ட வேண்டிய துணியை விரித்துப்போட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு விரல் நுழைந்தது. பொழுது சாய்வதற்குள் நான்கு ரவிக்கை வெட்டிவிட்டேன். அதனாலேயே அடுத்த ஏழு மாதம் என் பேச்சை யாரும் நம்பவில்லை. நானே முழுதாக நம்பவில்லை.

கும்பகோணத்தில் வீட்டு முன்கூடம்தான் என் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், வெட்டுவதற்கு ஒரு மேஜை, கொக்கி வைக்கவும் காஜா எடுக்கவும் உதவிக்கு ஒரு பெண். அன்று காலை வாசலில் கோலம் போடும்போதே மாவு விரலிடுக்கில் சீராக இறங்கவில்லை. "மார்கழிப் பனி அப்படித்தான் இருக்கும். வெந்நீரில் கையை வை" என்றார் அத்தை. வைத்தேன், இளகியது. பனி என்றே நினைத்துக்கொண்டேன். பனிக்காலம் போய் மாசி, பங்குனி வந்தும் காலைப் பொழுது மட்டும் மார்கழியாகவே இருந்தது.

கைக்குப் பிறகு கால். படுக்கையிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினால் ஜல்லிமேல் நிற்பதுபோல இருக்கும். வலி குதிகாலில் இல்லை. விரல்கள் தொடங்கும் இடத்தில், பாதத்துக்கு அடியில். மெட்டி இறுகிக்கொண்டது. சோப்பு போட்டுப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், நூல் சுற்றி இழுத்தேன். வரவில்லை. கடைசியில் ஆசாரியிடம் போனேன். மெட்டிக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, சின்னக் குறடால் ஒரே நெருக்கில் வெட்டினார். அடுத்த காலை நீட்டியதும் நிமிர்ந்து பார்த்தார். "ஏனம்மா, எங்கேயாவது இடித்துக்கொண்டிருந்தால் ஒரு கால்தானே வீங்கும்? இதென்ன இரண்டும் ஒரே விரலில் ஒரே மாதிரி வீங்கியிருக்கிறது?"

அந்தக் கேள்வியை அதுவரை நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஜோடியாக, அதுவும் சின்ன மூட்டுகளில் தொடங்குவதுதான் இந்த நோயின் கையெழுத்து என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரில் பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். முடக்குவாதம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மருத்துவச் சீட்டில் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

அந்த ஏழு மாதம் எங்கெல்லாம் போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். என்னைப் போலவே சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில் யூரிக் அமிலம். பரிசோதனையில் அளவு கொஞ்சம் கூட என்று சொல்லிப் பருப்பை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று மாதம் சாம்பார் இல்லாத சோறு தின்றதுதான் மிச்சம். யூரிக் அமிலத்தால் வருவது கௌட் என்ற வேறு நோய். அது பெரும்பாலும் கால் கட்டைவிரலில், ஒரு பக்கம் மட்டும், ராத்திரியோடு ராத்திரியாகத் தீப்பிடித்தாற்போல வரும். அடுத்தது சிக்குன்குனியா. 2006-இல் அது தமிழ்நாட்டைப் போட்டுப் புரட்டியபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். காய்ச்சல் விட்டபிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி நீடித்தவர்கள் உண்டு. அதனால் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் எனக்குக் காய்ச்சலே வரவில்லையே என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாவதாகப் பொடி. பக்கத்து ஊரில் ஒருவர் தருகிறார், தேனில் குழைத்துச் சாப்பிட்டால் நாலே நாளில் வலி போய்விடும் என்றார்கள். உண்மையிலேயே போனது. நான்காம் நாள் காலையில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பசி எடுத்தது, தூக்கம் வந்தது, பத்து வயது குறைந்ததுபோல இருந்தது. இரண்டு மாதத்தில் முகம் பூரிபோல உப்பியது. அதுவரை இல்லாத சர்க்கரை ரத்தத்தில் ஏறியது. ஒரு வாரம் பொடி கிடைக்காமல் போனபோது கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. கழிவறைக்குக் கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்.

பிறகு பார்த்த மருத்துவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "எத்தனை நாளாகப் பொடி சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலாக இந்த நோய்க்குக் கொடுத்தபோது, நடக்க முடியாமல் கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தாராம். 1950-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்கவிளைவுகள் தெரியத் தெரியத்தான், இதை வருடக்கணக்கில் அதிக அளவில் கொடுக்க முடியாது என்று புரிந்துகொண்டார்கள். ஆக, உலகம் அன்று கண்ட அதிசயத்தைத்தான் நான் பொட்டலத்தில் மடித்து, அளவு தெரியாமல் நக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவரவில்லை. அதே மருந்தை அந்த மருத்துவரும் எனக்குக் கொடுத்தார். கொஞ்சமாக, சில வாரங்களுக்கு மட்டும், படிப்படியாகக் குறைத்து. நீண்ட நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பே படுத்துவிடும், அதையும் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லியே கொடுத்தார்.

தஞ்சாவூரில் அந்த வாதநோய் நிபுணரைப் பார்த்தது 2015 ஆடியில். வலி எங்கே, எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "காலையில் எழுந்ததிலிருந்து கை இளக எத்தனை நிமிடம் ஆகிறது?" என்று கேட்டார். நிமிடக் கணக்கை யார் பார்த்தது? பால்காரர் வருவது ஆறு மணிக்கு. அவரிடம் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தித்தான் வாங்குவேன். எட்டரைக்கு மகளுக்குச் சடை பின்ன முடியும். அதற்கு முன் முடியாது. "அப்படியென்றால் இரண்டரை மணி நேரம்" என்று எழுதிக்கொண்டார். பிறகு கை குலுக்குவதுபோல என் விரல்களைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்தினார். அலறிவிட்டேன். ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தார். நகத்துக்கு அடுத்த கணுவில் வலி இல்லை. நடுக்கணுவிலும் விரலும் உள்ளங்கையும் சேரும் முட்டியிலும் மணிக்கட்டிலும் இருந்தது. அதற்கும் தலையாட்டிக்கொண்டார். நுனிக் கணுவை இந்த நோய் பெரும்பாலும் தொடுவதில்லையாம்.

நான் தையற்காரி என்று தெரிந்ததும் அவர் சொன்ன விளக்கத்தை இன்றுவரை மறக்கவில்லை. மூட்டுக்குள்ளே ரவிக்கைக்கு லைனிங் கொடுப்பதுபோல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் அந்த லைனிங்கையே அடிக்கிறது. அடிபட்ட லைனிங் வீங்கித் தடித்து மேல்துணியான குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. மூட்டுத் தேய்மானம் என்பது உழைத்துத் தேய்ந்த துணி. வேலை செய்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். இது நேர்மாறு. ஓய்வெடுத்தால் இறுகும், அசைத்தால் இளகும். காலையில் மோசமாகவும் மதியம் நன்றாகவும் இருந்ததற்கு அதுதான் காரணம். ஏழு மாதமாக என்னைப் பொய்க்காரியாக்கிய அதே விஷயத்தை வைத்துத்தான் அவர் நோயைக் கண்டுபிடித்தார்.

ரத்தப் பரிசோதனையில், உடம்பின் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 74, அதிகம்தான். இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி சி.சி.பி. பல மடங்கு. ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது என்றார். நோயே இல்லாத சிலருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, அது பாசிட்டிவ் வரும். நோய் முற்றியவர்கள் சிலருக்கு நெகட்டிவாகவே இருக்கும். "தாள் பாதி, விரல் பாதி" என்பது அவர் வாக்கு.

கிளம்பும்போது சொன்னார்: "அம்மா, அடுத்த முறை வரும்போது வலி அதிகம், வலி குறைவு என்று சொல்லாதீர்கள். தினமும் நிமிடத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்."

நகைக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரை அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்தேன். பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் அதில்தான் எழுதுவேன். அந்தக் கட்டங்களின் ஓரத்தில் நிமிடத்தையும் எழுத ஆரம்பித்தேன். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன். கைவிரல்களை முழுதாக மடக்கி இறுக்க முடிந்ததும் மறுபடி பார்ப்பேன். 150, 140, 150, 130. பேனா பிடிக்க முடியாத நாட்களில் மகள் எழுதுவாள். பதினொரு வருடக் காலண்டரும் பரணில் இருக்கின்றன. இந்த நோயைப் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டங்கள் கற்றுக்கொடுத்தவை.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரம் ஒரு நாள் மட்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: வாரத்துக்கு ஒரே நாள். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். இரண்டாவது முறை மாத்திரை வாங்கிய கடையில் அட்டைமேல் 'இரவு' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நானும் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பழக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு ராத்திரி விழுங்கிவிட்டேன். மூன்றாம் நாள் மருத்துவரின் சீட்டை எடுத்துப் பார்த்த மகள்தான் "அம்மா, இதில் ஞாயிறு மட்டும் என்று கட்டம் போட்டிருக்கிறதே" என்றாள். உடனே மருத்துவருக்குப் போன் செய்து, அன்றே போய் ரத்தம் கொடுத்து, ஒரு வாரம் வாய்ப்புண் வருகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். தப்பித்தேன். அன்றிலிருந்து அந்த அட்டையை மற்ற மாத்திரைகளோடு வைப்பதில்லை. பழைய பாபின் டப்பா ஒன்றில் தனியாக இருக்கிறது. மூடியில் சிவப்பு மையால் கிழமை.

ஞாயிறு ராத்திரி சாப்பிட்டால் திங்கள் காலை குமட்டலும் களைப்புமாக இருந்தது. திங்கட்கிழமை துணி கொடுக்க ஆட்கள் வரும் நாள். மருத்துவரைக் கேட்டுச் சனி ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிறு கடை கிடையாது, படுத்துக் கிடக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரையை வேறு நாளில் சாப்பிடச் சொன்னார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்தபிறகு வாய்ப்புண்ணும் குமட்டலும் வெகுவாகக் குறைந்தன.

பக்கத்து வீட்டுப் படித்த அக்கா ஒருவர் மாத்திரையின் பெயரை எங்கோ பார்த்துவிட்டு, "இது புற்றுநோய் மருந்தாயிற்றே" என்று பதறிக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்காக 1940களில் பிறந்த மருந்துக் குடும்பம்தான் இது. மூட்டுக்குக் கொடுப்பது அதில் மிகச் சிறிய அளவு. அமெரிக்காவில் 1988-இல் இந்த நோய்க்கு அனுமதி கொடுத்தார்கள்; இன்றும் பெரும்பாலானோருக்கு முதலில் எழுதும் மருந்து இதுதான். மலிவும்கூட. மருந்தைவிட எனக்கு ரத்தப் பரிசோதனைக்குத்தான் காசு அதிகம் போகிறது. ஆனால் அதில் மட்டும் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். இதைச் சாப்பிடுகிறவர்கள் மதுவைத் தொடக் கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காய்ச்சலென்று வேறு மருத்துவரிடம் போனால் வாயைத் திறந்ததும் நான் சொல்வது இந்த மருந்தின் பெயரைத்தான். செப்ட்ரான் என்ற கிருமிக்கொல்லி போன்ற சில சாதாரண மாத்திரைகள்கூட இதோடு சேர்ந்தால் ஆபத்து. காய்ச்சல் அடிக்கும் வாரத்தில் சனிக்கிழமை மாத்திரையைப் போடலாமா என்று கேட்காமல் போடுவதில்லை.

இது பொடி போல நாலு நாளில் வேலை செய்யாது. ஐந்தாவது வாரத்தில், "ஒன்றும் ஆகவில்லை, நிறுத்திவிடப் போகிறேன்" என்று கணவரிடம் சண்டை போட்டேன். அவர் பதில் பேசாமல் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்தார். முதல் வாரம் 150. அந்த வாரம் 110. வலியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, கட்டத்தில் தெரிந்தது. பத்தாவது வாரம் 60. தை பிறந்தபோது 25. என் கணவர் இரும்புக்கடையில் ஆணி எடை போடுகிற மனிதர், கணக்கு தப்பவில்லை.

காலண்டர் பொய்யாக்கிய நம்பிக்கைகளும் உண்டு. கத்திரிக்காய் வாதம், உருளைக்கிழங்கு வாதம், தயிர் ஆகாது, புளி ஆகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தேன். எண் நகரவில்லை. கத்திரிக்காய் கொத்சு மறுபடி இலைக்கு வந்தது. மீன் சாப்பிடுங்கள், எடையை ஏற்றாதீர்கள், பல் ஈறைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாரும் புகைபிடிக்க வேண்டாம், அது இந்த நோயை மோசமாக்கும் என்பதோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டார். எண்ணை ஏற்றியது வேறு மூன்று விஷயங்கள்: தூக்கம் கெட்டது, காய்ச்சல் சளி, அப்புறம் தீபாவளி.

தீபாவளி என்றால் பண்டிகையைச் சொல்லவில்லை, அதற்கு முந்தைய மூன்று வாரத்தை. 2016-இல் உடம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் வினை. எழுபது ரவிக்கை ஒப்புக்கொண்டு, ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தேன். உட்கார்ந்த நாளில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 75, நான்காம் நாள் 120. இந்த நோயில் கடனுக்கு வட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வரும். இப்போது மூன்று நாள் தொடர்ந்து எண் ஏறினால் நான்காம் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. வேலையைப் பாதியாக்குவேன், ஒரு வாரத்தில் இறங்காவிட்டால் தஞ்சாவூருக்குப் போன்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் 2017-இல். பங்குனியில் எண் 5, 0, 0, 5. குணமாகிவிட்டது என்று நானாக மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை; அத்தைக்குக்கூடத் தெரியாது. சித்திரை முழுக்க ஒன்றுமில்லை. வைகாசிக் கடைசியில் 30. அதற்குப் பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டேன், பயத்தில். ஆனிக்குள் இடது மணிக்கட்டு பணியாரம்போல வீங்கியது. மறுபடி மருந்து தொடங்கி, இரண்டாவது மாத்திரையும் சேர்த்து, வீக்கம் வற்றியது. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு அரித்த இடம் தெரிந்தது. அரித்தது திரும்ப வளராது. இன்றும் அந்தக் கையைத் தரையில் ஊன்றி எழ முடியாது. கோயிலில் விழுந்து கும்பிட்டால் வலது கையை ஊன்றி, ஒருக்களித்துத்தான் எழுவேன். வலி இல்லாதிருந்தது நோய் போனதால் அல்ல, மருந்து பிடித்துவைத்திருந்ததால். நன்றாக இருக்கும்போது மருத்துவரே அளவைக் குறைப்பார். 2021-இல் குறைக்கவும் செய்தார். அதற்கு முன் என்னோடு சேர்ந்து ஆறு மாதக் கட்டங்களைப் பார்த்தார்.

இரண்டாவது மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியா மருந்தின் உறவு. நீண்ட நாள் சாப்பிட்டால் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் தொடக்கத்திலேயே கண் பரிசோதனை. ஐந்து வருடம் தாண்டியபிறகு ஆண்டுதோறும். ஊசியில் நூல் கோப்பவளுக்குக் கண்ணைப் பற்றி நினைவூட்ட வேண்டுமா என்ன!

கைத்தொழில் பக்கம் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். பெடல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினேன். பாதத்துக்குப் பெரிய விடுதலை. கத்தரிக்கோல் வளையங்களுக்குள் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன். வளையம் தடித்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கரண்டி, கத்தி, சீப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நூல் நறுக்குவதற்கு வளையமே இல்லாத ஸ்பிரிங் கத்தரி. வெட்டும் வேலை முழுவதையும் பதினொரு மணிக்கு மேல் தள்ளிவிட்டேன். காலையில் அளவெடுப்பது, கணக்கு எழுதுவது. அரை மணிக்கு ஒருமுறை மொபைல் அடிக்கும், எழுந்து நிற்பேன். ஒரே நிலையில் உட்கார்ந்தால் இறுகும் என்பது காலையில் மட்டுமல்ல, எப்போதுமே உண்மை. கொக்கி, காஜா இரண்டும் என் கையைவிட்டுப் போயின. உதவிக்கு இருக்கும் பெண் ஒருநாள், "அக்கா, நீங்கள் வைத்த கொக்கி கோணலாக இருக்கிறது, பிரித்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள். பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. பிரி என்றேன்.

அடுக்களையில் அத்தைதான் ஆசிரியர். முதலில் "இந்த வயதில் என்ன சரவாங்கி" என்று முணுமுணுத்தவர், கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போன அந்த வாரத்துக்குப் பிறகு எதுவும் பேசவில்லை. துணி பிழிவதை நான் நிறுத்தியபோது, ஈரத்துணியைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கக் காட்டிக்கொடுத்தவர் அவர். விரலால் செய்வதை உள்ளங்கையால், உள்ளங்கையால் செய்வதை முழங்கையால், முழங்கையால் செய்வதைத் தோளால் செய்ய வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னதும் அதே பாடம்தான். சின்ன மூட்டைக் காப்பாற்றப் பெரிய மூட்டைக் கூலிக்கு அமர்த்துவது. காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டுவேன். சோற்றுப் பானையை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்குவேன். திருகும் குழாயை மாற்றிப் புறங்கையால் தள்ளித் திறக்கும் குழாய் போட்டோம்.

காலையில் எழுந்ததும் ஒரு பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர். மணிக்கட்டு வரை கையை மூழ்கவைத்து, நீருக்குள்ளேயே விரல்களை விரித்து மடக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு, பத்து நிமிடம். 2014-இல் அத்தை சொன்ன அதே வைத்தியம். நோயைத் தீர்க்காது, காலைப் பொழுதைத் தீர்க்கும். ஆனால் ஒரு மூட்டு சிவந்து கொதிக்கும் நாளில் அதற்குச் சூடு இதமாக இல்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால்தான் அடங்குகிறது. ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை. அதைப் பார்த்துத்தான் விருந்தாளிகள் எனக்கு நோய் இருப்பதையே நம்புகிறார்கள்.

யாரும் நம்பாத ஒன்று களைப்பு. வலியைவிட இதுதான் என்னைச் சாய்த்தது. காலை பத்து மணிக்கு, நாள் முழுக்க நாற்று நட்டவள்போலக் கை கால் விட்டுப்போகும். சோம்பேறி என்று பேர் வாங்கிக்கொடுக்கும் அறிகுறி இது. நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். எனக்கு ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கியிருந்தது. நோய் அடங்கியபிறகு அதுவும் ஏறியது. களைப்பைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு வருடம் மருத்துவரிடமே சொல்லவில்லை. அதேபோலக் கால். நோயின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் கணக்கெடுக்கும் 28 மூட்டுகளில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் உண்டு, பாதம் இல்லை. நானே செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுவேன். கண் உறுத்தல், மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், நெஞ்சுவலி இவையும் சொல்ல வேண்டிய பட்டியலில் உண்டு. இது மூட்டோடு நிற்கும் நோய் அல்ல.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு ஊசி மருந்துகள் இருக்கின்றன. காத்திருப்பு அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாயவரத்துக்காரர் ஒருவர் அதில்தான் எழுந்து நடக்கிறார். விலை அதிகம்; தொடங்குமுன் காசநோய் உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும்போது தூங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். கையில் காசில்லாதவர்கள் அரசு மருத்துவமனையை மறந்துவிட வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது.

மனம் விட்டுப்போன ஒரு நாளில் மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டைப் பற்றிச் சொன்னார். 1967-இல் கேப் டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தவருக்கும் இதே நோய். கைகள் முடங்கி, 1983-இல் அறுவை சிகிச்சையை விட்டார். ஆறுதலுக்காகச் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு அழுகைதான் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, அவருடைய கையிலும் கத்தரிக்கோல்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று முதலிலேயே கொடுக்கும் இந்த மருந்து அவருக்கு நோய் தொடங்கிய காலத்தில் கிடைத்திருக்காது.

இந்தத் தை மாதம் அதே ஆசாரியிடம் போனேன். அன்று வெட்டிய மெட்டிக்குப் பதிலாக அவர் செய்துகொடுத்தது வாய் திறந்த மெட்டி. விரல் வீங்கினால் தானே விரிந்துகொடுக்கும். இப்போது நடக்கும்போது கழன்று கழன்று விழுகிறது. குறடால் ஒரு நெருக்கு நெருக்கிப் போட்டுவிட்டு அடுத்த காலைக் கேட்டார். அது வேண்டாம் என்றேன். வலது காலில் இன்னும் சில காலைகளில் வீக்கம் இருக்கிறது. அன்று காலைக் கட்டத்தில் 15 என்று எழுதியிருந்தேன்.